இரண்டில் ஒன்று காணவில்லை

ஜூன் 2

அக்காவுக்கு,

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சறுக்குகிறது. பேனாவை ரொம்ப அழுத்துகிறேன் என்று டீச்சர் சொல்கிறார். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார், நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று விரலுக்கே தெரியும். இந்த மன்னிப்பு எழுத்துக்கு மட்டும்தான். மற்ற எதற்கும் கேட்கவில்லை.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். உன் தம்பி. ஸ்டுடியோவில் எல்லோரும் 'லைட்டு' என்று கூப்பிட்டவன். நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். போன குளிர்காலத்தில் சேர்ந்தேன். இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைப் படிக்கிறேன். கடைப் பலகைகளைப் படிக்கிறேன். இந்தத் தெருவில் இவ்வளவு பேர் இவ்வளவு விஷயத்தை எழுதி மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! டாக்டர் எழுதிய சீட்டு மட்டும் புரியவில்லை. அது யாருக்கும் புரியாதாம்.

இதுவரை உனக்கு என் பெயரில் வந்த கடிதம் எதுவும் என் கடிதம் இல்லை. மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தது. நீ வாங்க மறுத்து ஒன்று திரும்பி வந்ததே, அதைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் எடுத்துப் படித்தேன். நான் அவரிடம் சொன்னது இது: "என் அக்கா கல்நெஞ்சக்காரி. அத்தான் எடுத்த படத்தை எல்லாம் அமுக்கிக்கிட்டு என் தலையில வெத்து டிஸ்க்கைக் கட்டிட்டா." அவர் எழுதியது இது: "அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் நலம் அறிய ஆவல். படங்களைப் பற்றி நேரம் கிடைக்கும்போது எழுதவும்."

கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அக்கா. இனிமேல் நடுவில் ஆள் இல்லை.

நீ மறந்ததுபோல் நடிப்பாய், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் பயிற்சி. அத்தான் போனபின் ஸ்டுடியோவை மூடினோம். கேமரா உனக்கு, விளக்குகள் எனக்கு. படம் எல்லாம் இருந்த கறுப்புப் பெட்டிக்குத்தான் சண்டை. கடையில் இருந்த எல்லா கம்ப்யூட்டரும் வயர் வழியாகப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்குமே, அந்தப் பெட்டி. மருந்துக்கடைக்காரர் நாட்டாமை பண்ணினார். "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. பாதிப் படம் அவங்களுக்கு, பாதி உனக்கு. வெறும் கூடும் உனக்கே இருக்கட்டும், லைட்டு." மூத்தவள் என்று நீ முதலில் கை நீட்டி இடப்பக்கத்தில் இருந்ததை உருவிக்கொண்டாய். என்னுடையதை ஒரு கம்ப்யூட்டரில் போட்டால், இதில் ஒன்றும் இல்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கிறது. பிரிப்பதற்கு முந்தின வாரம் கடைச் சாவி உன் இடுப்பில் இருந்தது. எல்லாவற்றையும் உன் பக்கம் தள்ளிக்கொண்டாய். வேறு எப்படி?

இப்போது மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கம்மாவிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம் ஒன்று லினக்ஸ் என்று இருக்கிறதாம். அதைப் போட்டால் டிஸ்க்கில் என்ன இருந்தது, என்ன ஆனது என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்கிறாள். உன் வேலை வெளியே வரப்போகிறது.

தம்பி

*

ஜூன் 9

வெத்து டிஸ்க் கொடுத்தவனுக்கு,

உன் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிழைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் கண் வலித்து நிறுத்திவிட்டேன். உன் டீச்சரிடம் காட்டு. யார் கையை இரவல் வாங்கி எழுதினாய் என்று முதலில் சந்தேகப்பட்டேன். இவ்வளவு கோணலை இரவல் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள், ஆகவே நீதான்.

எழுதக் கற்றுக்கொண்டது நல்லது. அந்தப் பாழாய்ப்போன கையால் முதல் காரியமாக என்மேல் பழியைப் போட்டிருக்கிறாய் பார், அதுதான் நீ.

என் டிஸ்க்கிலும் ஒன்றும் இல்லை. மருமகன் போட்டுப் பார்த்தார். அதே கேள்விதான், அழித்துப் புதிதாக்கவா என்று. சாவி என் இடுப்பில் இருந்ததாம்! பெட்டி எங்கே இருந்தது? உன் விளக்குகளுக்குப் பக்கத்தில். வயரை எங்கே செருகுவது, எங்கே பிடுங்குவது என்று தெரிந்தவன் யார்? ரசீது எழுதிக் கொடுத்துக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருந்த நானா? அவர் இருக்கும்போதே கடையின் பெயர் உன் பெயராக இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. படம் எல்லாம் உன்னிடம் இருந்தால் கடை உன்னுடையது என்று நினைத்திருப்பாய்.

உனக்கு ஒன்று தெரியுமா? ஊரில் இருக்கிற முகத்தையெல்லாம் படம் பிடித்த மனிதர், அவருக்கென்று ஒரு படம் இல்லை. அடையாள அட்டையில் இருக்கிறது, நாலு நாள் தாடியோடு, திருட்டு வழக்கில் பிடிபட்டவர்போல. அதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் இது என்று கேட்கிறார்கள்.

காலையில் கடை திறந்ததும் வெளிச்சம் பார்க்க அவரை ஸ்டூலில் உட்காரவைத்து நீ ஒன்று எடுப்பாயே, தினமும். அந்தப் படங்களை அழிக்கச் சொல்லி நானே அவரிடம் கத்தியிருக்கிறேன், இடத்தை அடைக்கிறது என்று. சோம்பேறித்தனத்தால் அவர் அழிக்கவில்லை. அதில் ஒன்று கொடு. ஒன்றே ஒன்று. மற்றதை நீயே வைத்துக்கொண்டு கட்டிப் பிடித்துத் தூங்கு.

கொடுக்க மாட்டாய் என்று தெரியும். கேட்டேன் என்று இருக்கட்டும்.

அக்கா

*

ஜூன் 17

அக்காவுக்கு,

நீ திருத்தியதை டீச்சரிடம் காட்டினேன். "உங்க அக்கா கைய வெட்டிப் போடணும், ரெண்டு இடத்துல சரியா இருந்ததைத் தப்பாக்கியிருக்காங்க" என்றார். அந்த இரண்டையும் பச்சை மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன்.

அத்தான் படத்தை நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அந்தப் படங்களை எடுத்தவன் நான். அத்தான் எடுத்தது ஊரார் முகம், நான் எடுத்தது அவர் ஒருவர் முகம்தான். என் வாழ்க்கையில் நான் பட்டனை அழுத்திய படம் வேறு எது? அதை நானே தொலைப்பேனா? நீதான் அழித்திருப்பாய். இடத்தை அடைக்கிறது என்று கத்தியவள் நீ என்று உன் கையாலேயே எழுதிவிட்டாய்.

போகட்டும், வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை, உன்னிடமாவது சொல்லியாக வேண்டும்.

மெக்கானிக்கம்மாவின் கடை ஓர் ஆள் படுக்கிற அகலம். மேஜை முழுக்கத் திருகாணி, மூடி இல்லாத ஃபேன், ஈயம் உருக்கிய வாசனை. பெட்டியின் முன்கதவைத் திறந்தால் இரண்டு பள்ளம். இடப்பள்ளம் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது, உன் வேலை. வலப்பள்ளத்தில் இருந்த என் டிஸ்க்கை முதல் வேலையாக வெளியே எடுத்தாள்.

"ஏம்மா, அதைப் பார்க்கத்தானே கொண்டு வந்தேன்?"

"பெரியவரே, புது சிஸ்டம் போடும்போது டிஸ்க் உள்ள இருந்தா, கை தவறி அதை அழிச்சிட்டா? உங்க அக்கா உங்களை விட்டுட்டு என்னைத் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க. லினக்ஸைப் பென் டிரைவ்ல போடுவோம். டிஸ்க் தூரமா இருக்கட்டும்."

பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு சிஸ்டம் இருக்கிறது, அது அத்தான் வைத்த கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார். பெட்டி செய்த கம்பெனியும் இதைக் கைகழுவிவிட்டதாம். அதனால்தான் லினக்ஸ். முதலில் ஒன்றைப் போட்டாள். பெட்டி விளக்கைக் காட்டியது, உறுமியது, அப்படியே படுத்துவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க பெட்டிக்கு மூளை உள்ளங்கை அளவு. நான் தலை நிறைய பாரத்தை ஏத்திட்டேன். அடுத்தது ரொம்ப லேசானது, படம் கிடம் ஒண்ணும் காட்டாது, வெறும் எழுத்துதான். பரவாயில்லையா?"

வெறும் எழுத்துதான் என்று என்னிடம் சொல்கிறாள்! அதுதானே எனக்கு வேண்டும்!

பெட்டிக்குள் மூன்று ஊசி நிற்கிறது. அதில் மூன்று வயரைக் கோத்து அவள் லேப்டாப்பில் இணைத்ததும், பெட்டி பேசுவது திரையில் எழுத்தாக ஓட ஆரம்பித்தது. எல்லாம் ஆங்கில எழுத்து. நூலகத்தில் அதற்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். மொத்தமே இருபத்தாறுதானாம். நம்முடையதைக் கற்று முடித்தவனுக்கு அது ஒரு கைப்பிடிக் கடலை. மெக்கானிக்கம்மா சொல்லச் சொல்ல நானே ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன்.

"நீங்க தட்டி முடிக்கிறதுக்குள்ள பெட்டி தூங்கிடும் போல."

"தூங்கட்டும்மா. எழுப்பி விடலாம்."

பெட்டிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. 'லைட்' என்று வைத்தேன். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து எழுத்து, இரண்டு எழுத்து சும்மாவே நிற்கிறது, சத்தமே கிடையாதாம். உன் மருமகன் ஞாபகம் வந்தது. கடவுச்சொல்லாக உன்னைத் திட்டுகிற வார்த்தை ஒன்றை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் தட்ட வேண்டும். மனதுக்கு ரொம்ப ஆறுதலாக இருக்கிறது.

லினக்ஸ் ஏறிவிட்டது. கடைசியில் வெறும் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. சொல், என்ன செய்யட்டும் என்று கேட்கிற மாதிரி. ஸ்டுடியோவில் விளக்கைப் போட்டுவிட்டு அத்தானைப் பார்த்தபடி நான் நிற்பேனே, அதே மாதிரி.

அடுத்த வாரம் டிஸ்க்கை உள்ளே போடுகிறோம். அப்புறம் தெரியும்.

தம்பி

*

ஜூன் 20

பெட்டிக்குப் பெயர் வைத்தவனுக்கு,

என் மருமகனைப் பற்றி எழுத உனக்கு வாய் இல்லை, கையும் இல்லை. அவர் பேசாமல் இருப்பது மரியாதை. நீ பேசாமல் இருந்த காலத்தில் உனக்கும் கொஞ்சம் மரியாதை இருந்தது.

கடவுச்சொல்லாகத் திட்டா? சின்ன வயதில் என் பலப்பத்தை ஒளித்து வைத்தவன் இன்னும் வளரவே இல்லை.

இந்தச் சண்டை எனக்குப் போதும். உன் லினக்ஸ் என்ன சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. உன் கையில் இருக்கிற பெட்டி உனக்குச் சாதகமாகத்தான் பேசும். வெறும் டிஸ்க்கை நான் இத்தனை நாள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்ததுதான் முட்டாள்தனம். நேற்று மருமகனிடம் கொடுத்துவிட்டேன். அழித்துப் புதிதாக்கி சினிமாப் படங்கள் போட்டு வைத்துக்கொள்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன் என்றார். ஒருவழியாக அதற்கும் ஒரு பயன்.

இனி எழுதாதே.

அக்கா

*

ஜூன் 24, கூரியரில்

அக்கா,

டிஸ்க்கை அழிக்காதே. மருமகன் கையிலிருந்து பிடுங்கு. இதை முதலில் செய், மீதியை அப்புறம் படி.

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மறுபடி செய்தேன், மறுபடி வைத்தாய். மெக்கானிக்கம்மாவின் போனிலிருந்து அவளையே பேசச் சொன்னேன். 'லைட்டு' என்று அவள் ஆரம்பித்ததுமே அதையும் வைத்துவிட்டாய். மருமகன் நம்பர் என்னிடம் இல்லை. கொடுத்தால்தானே? அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து வழக்கத்தைவிடக் கேவலமாக இருக்கும். திருத்து, ஆனால் அப்புறம் திருத்து.

டிஸ்க்கை உள்ளே போட்டதும் மெக்கானிக்கம்மா ஒரு வரி சொன்னாள், நான் தட்டினேன். திரையில் ஒரு பத்தி வந்தது. அவள் படித்துச் சொல்ல வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நானே எழுத்துக் கூட்டினேன், அர்த்தத்தை மட்டும் அவள் சொன்னாள். இது இரண்டு டிஸ்க் சேர்ந்த ஒரு ஜோடி. இங்கே இருப்பது இரண்டாவது. முதலாவதைக் காணவில்லை.

"அப்போ இதுல இருக்கிற படத்தையாவது காட்டும்மா."

"பெரியவரே, இதுல ஒரு படம்கூட முழுசா இல்ல. அதுலயும் இருக்காது."

"அக்கா அழிச்சிட்டாளா?"

"யாரும் எதையும் அழிக்கல. உங்க அத்தான் ரெண்டு சின்ன டிஸ்க்கை ஒட்டி ஒரு பெரிய டிஸ்க்கா வெச்சிருக்காரு, இடம் நிறைய கிடைக்கும்னு. ஒவ்வொரு படத்தையும் பெட்டி துண்டு துண்டா வெட்டும். ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல, மறுபடி இதுல. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் படம். தனியா எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் காலின்னுதான் சொல்லும். யாரு இதை ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சது?"

"மருந்துக்கடைக்காரர்."

"அவரு நல்லவேளை, மாத்திரையோட நிறுத்தினாரு."

புரிகிறதா? படம் உன்னிடம் பாதி, என்னிடம் பாதி இல்லை. ஒவ்வொரு படத்திலும் பாதி உன்னிடம், பாதி என்னிடம். அத்தான் கண் உன்னிடம் இருந்தால் மூக்கு என்னிடம். சட்டையைக் கிழித்துக் கை உனக்கு, காலர் எனக்கு என்று பிரித்த மாதிரி பிரித்திருக்கிறோம். பிரித்துவிட்டு, என் சட்டையை நீ திருடினாய் என்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நீ திருடவில்லை. சந்தோஷமா? நானும் திருடவில்லை. அதை நீ எழுதி அனுப்ப வேண்டும், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டதா, இல்லையா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மருமகன் ஏதாவது சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தால், அத்தானுடைய பாதி முகத்தின்மேல் உட்கார்ந்து பார்க்கிறார் என்று அவரிடம் சொல்.

தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு,

டிஸ்க் பீரோவில்தான் இருக்கிறது, அவருடைய குளிர்ச் சட்டைக்குள் சுற்றி. மருமகனிடம் கொடுக்கவில்லை. உனக்கு வயிறு எரியட்டும் என்று எழுதினேன். எரிந்ததா? நல்லது.

நீ சொல்கிற வெட்டு, துண்டு, ஜோடிக் கதையை நான் அப்படியே விழுங்குவேன் என்று நினைக்காதே. மருமகனிடம் கேட்டேன். அவர் வாய் திறந்து பேசினார், உனக்காக அல்ல, எனக்காக. "அப்படி இருக்கலாம், அத்தை. மாமா சிக்கனக்காரர்தானே" என்றார். சிக்கனமாம்! கடைப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் மழை வந்து கழுவட்டும் என்பவர். அந்த ஒன்றை வைத்துத்தான் நீ சொல்வதில் கால்வாசியை நம்புகிறேன்.

ஆனால் டிஸ்க்கைத் தபாலில் அனுப்ப மாட்டேன். கூரியரிலும் அனுப்ப மாட்டேன். உன்னிடம் ஒப்படைத்துவிட்டு, படம் வரவில்லை, உன் டிஸ்க்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று நீ எழுதுவதைப் படித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நீ உன் பாதியையும் பெட்டியையும் இங்கே அனுப்பு.

அனுப்ப மாட்டாய். தெரியும். அதனால் நானே கொண்டு வருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ரயில். உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். மெக்கானிக்கம்மாவின் கடைக்கு வருவேன், வேலை முடிந்ததும் போய்விடுவேன். உன் கையால் தண்ணீர்கூட வேண்டாம், பாட்டில் கொண்டு வருகிறேன். டிஸ்க்கை நான்தான் பெட்டிக்குள் வைப்பேன். நீ அதைத் தொடக் கூடாது.

ஸ்டேஷனுக்கு வராதே.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

ஸ்டேஷனுக்கு வர எனக்கும் வேலை இல்லாமல் இல்லை. வெளியே வந்ததும் இடப்பக்கம் திரும்பு, மணிக்கூண்டு தாண்டி மூன்றாவது தெரு. பெயர்ப்பலகையை நானே படித்துச் சரிபார்த்தேன், தைரியமாக வா.

டிஸ்க்கை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று மெக்கானிக்கம்மா சொன்னதை எழுதுகிறேன். தட்டக் கூடாது, கீழே போடக் கூடாது, காந்தம் பக்கத்தில் வைக்கக் கூடாது. மடியில் வைத்துக்கொள். குளிர்ச் சட்டையோடேயே கொண்டு வா. பக்கத்து சீட்டில் உட்காருபவரோடு சண்டை போட்டுக் கையை ஆட்டாதே.

கடையில் இருப்பது ஒரே ஸ்டூல். நம் ஸ்டுடியோ ஸ்டூல்தான், பிரிக்கும்போது யாரும் கேட்கவில்லை என்று எடுத்து வந்தேன். நீ அதில் உட்காரு. நான் நின்றுகொள்வேன். நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

தம்பி

*

ஜூலை 14

லைட்டுக்கு,

ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மெக்கானிக்கம்மாவுக்கு என் வணக்கம் சொல். நல்ல பெண். நாம் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், "அவரைக் கேளும்மா", "அவங்ககிட்ட சொல்லும்மா" என்று அவள் தலைக்கு மேல் பந்து விளையாடியதைப் பொறுத்துக்கொண்டாள். இரண்டு டிஸ்க்கும் உள்ளே போய், நீ அந்தத் திட்டைத் தட்டி, பெட்டி உறுமி, படப் பெயர்கள் வரிசையாக ஓடியபோது அவள்தான் முதலில் கத்தினாள். எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஆளுக்கு ஒரு முழு டிஸ்க் கொடுத்தாளே, அந்தப் புத்தி மருந்துக்கடைக்காரருக்கு இருந்திருந்தால் நான் இவ்வளவு தலையெழுத்தை அனுபவித்திருக்க வேண்டாம்.

ஆனால் உன்னைத் திட்டவே இதை எழுதுகிறேன். அவ்வளவு டெஸ்ட் படத்திலும் ஒன்றில்கூட அவர் நேராகப் பார்க்கவில்லையே! கடையிலேயே சொன்னேன். எல்லாவற்றிலும் பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறார். ஒரு மனிதரை நேராகப் பார்க்க வைக்கக்கூட உனக்குத் தெரியவில்லையா? தேடித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது, கேமராவை நேராகப் பார்ப்பது. அதைத்தான் பெரிதாக்கச் சொல்லி எடுத்து வந்தேன்.

மாட்டினேன். நான்கு நாளாகப் பார்க்கிறேன். தாடி இல்லை, சட்டை சுத்தமாக இருக்கிறது, வெளிச்சமும் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் அது அவர் இல்லை. யாரோ வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி இருக்கிறார். கண்ணில் ஒன்றும் இல்லை. அடையாள அட்டைப் படமாவது திருடன் மாதிரி இருந்தாலும் கோபமாக என்னைப் பார்த்தது. இது பார்க்கவே இல்லை.

அந்த ஒரு படத்தில் என்ன செய்து தொலைத்தாய்? விளக்கை எங்கே வைத்தாய்? உண்மையைச் சொல்.

அக்கா

*

ஜூலை 19

அக்காவுக்கு,

விளக்கை நான் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்தேன். என் வெளிச்சத்தில் குறை சொன்ன முதல் ஆள் நீதான். கடைசி ஆளும் நீயாகத்தான் இருப்பாய்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். திட்டைத் தட்டினேன். அந்தப் படம் எந்த நாள் எடுத்தது என்று பெட்டியே வரிசையில் காட்டுகிறது, நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்ததும் ஞாபகம் வந்துவிட்டது. உன் மகளுக்குப் பிரசவம் என்று நீ ஊருக்குப் போயிருந்த சமயம். எனக்கு ரசீது எழுதத் தெரியாது. அதனால் அத்தானே படம் எடுத்து, ஓடிப்போய்க் கவுண்டரில் ரசீது எழுதி, ஓடி வந்து அடுத்த படம் எடுத்தார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தபோதே களைத்திருந்தார். "இங்க பாருங்க அத்தான்" என்றேன். ஒரே சொல்லில் நேராகப் பார்த்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மற்ற நாட்களில் எத்தனை தடவை சொல்வேன் தெரியுமா? உனக்கே கேட்டிருக்கும். "அத்தான், இங்க. கேமராவைப் பாருங்க. அங்க என்ன இருக்கு?" அவர் திரும்ப மாட்டார். "நீ எடுடா லைட்டு, வெளிச்சம் தானே பார்க்கிற, கண்ணையா பார்க்கிற?" என்பார். நானும் விட்டுவிட்டேன். கேமராவுக்கு இடப்பக்கம் என்ன இருந்தது என்று நீயே யோசித்துப் பார். கதவு. கதவுக்குப் பக்கத்தில் கவுண்டர். அங்கே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சில்லறை இல்லை என்று யாரையாவது அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?

நீ வீட்டுக்குக் கொண்டுபோனது, நீ கடையில் இல்லாத நாளின் படம். அதனால்தான் அது யாரையும் பார்க்கவில்லை. மற்ற படங்கள் எல்லாம் பக்கவாட்டில் பார்க்கிறது என்று என்னை மெக்கானிக்கம்மா முன்னால் அந்தக் கிழி கிழித்தாயே, அவை எல்லாம் உன்னைத்தான் பார்க்கின்றன.

ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மெக்கானிக்கம்மாவிடம் சொல்லி அதே அளவுக்குப் பெரிதாக்கியது. இதில் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குகிறார். அன்றைக்கு நீ யாரையோ நன்றாகத் திட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒருவேளை என்னை.

இதை நடுச்சுவரில் மாட்டாதே. நீ உட்காருகிற நாற்காலி படத்துக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி மாட்டு. உயரம் உன் கண்மட்டம், நீ உட்கார்ந்திருக்கும்போது. ஜன்னல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரட்டும். இதிலெல்லாம் உன் இஷ்டம் வேண்டாம், இது என் தொழில்.

நீ வந்தபோது பாட்டில் தண்ணீர் தீர்ந்து, நான் டம்ளரில் வைத்ததைக் குடித்தாய். மெக்கானிக்கம்மா பார்த்தாள். சாட்சி இருக்கிறது. நான் திருடவில்லை என்பதை இன்னும் நீ எழுதவில்லை. ஸ்டுடியோ ஸ்டூலையும் கேட்காமலே எடுத்துக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறாய். கடையில் அந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது. இதற்கெல்லாம் உன்னைத் தனியாகத் திட்ட வேண்டும். ஆனால் இந்தத் தாள் முடிந்துவிட்டது, விரலும் வலிக்கிறது. அடுத்த வாரம் புதுத் தாள் வாங்கியதும் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தம்பி